5 வாட் வால்வு ஆம்ப்ளிபயர்: பழைய ஒலியைப் புதிய கம்ப்யூட்டரில் பிடிப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் முழுவதும் பாட்டு, படம், விளையாட்டு என்று ஓடும். ஆசை கொஞ்சம் தீர்ந்த பிறகுதான் "இதில் வேறென்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். வீட்டில் கிடார் வாசிப்பவர் ஒருவர் இருந்துவிட்டால், "கிடாரை இதில் மாட்டி வாசிக்க முடியுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆலயப் பாடகர் குழு, கல்லூரி விழா, கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரி என்று நாகர்கோவிலைச் சுற்றிக் கிடார் வாசிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை.

மாட்டலாம். ஆனால் மாட்டியவுடன் பெரும்பாலானவர்கள் ஏமாந்து போகிறார்கள். எலெக்ட்ரிக் கிடாரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் வருகிற ஒலி, தகர டப்பாவில் கம்பி கட்டி மீட்டியது போல மெலிந்து இருக்கும். சினிமாப் பாட்டில் கேட்ட அந்தக் கனமான, லேசாகக் கரகரக்கும் ஒலி வரவே வராது. கிடாரிலும் குறையில்லை, கம்ப்யூட்டரிலும் குறையில்லை. எலெக்ட்ரிக் கிடார் பாதி வாத்தியம்தான். மீதிப் பாதி, அதை மாட்டும் ஆம்ப்ளிபயர்.

அந்த ஆம்ப்ளிபயர்களிலும் உலகம் முழுவதும் கிடார்காரர்கள் தேடித் தேடி வாங்குவது 100 வாட் பெட்டிகளை மட்டுமல்ல. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய, வெறும் 5 வாட் வால்வு ஆம்ப்ளிபயர்களுக்கும் பெரிய மவுசு இருக்கிறது. அப்படி அதில் என்ன இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டரில் எப்படிக் கொண்டு வருவது என்று பார்ப்போம். உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயமும் நடுவில் வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வால்வு என்றால் என்ன?

பழைய ரேடியோவின் பின்பக்க அட்டையைத் துளைகள் வழியாகப் பார்த்திருந்தால், உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குமிழ்கள் சிவந்து எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் வால்வுகள். அமெரிக்காவில் ட்யூப் என்பார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக்குள் ஒரு தகடு சூடாக்கப்படுகிறது. சூடானதும் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள இன்னொரு தகட்டுக்குப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கம்பிவலை போன்ற ஒரு கிரிட் இருக்கிறது. கிரிட்டில் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், பாய்கிற மொத்த எலெக்ட்ரான் ஓட்டமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். குழாயைத் திருகினால் தண்ணீர் கூடிக் குறைவது போலத்தான். வால்வு என்ற பெயரும் அதனால்தான். அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-ல் இந்த கிரிட்டைச் சேர்த்தார். கம்ப்யூட்டரே முதலில் வால்வுகளால்தான் ஆனது. 1946-ல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன.

1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடேற வேண்டாம், உடையாது, மின்சாரமும் குறைவு. கம்ப்யூட்டரும் ரேடியோவும் டிவியும் அந்தப் பக்கம் போய்விட்டன. கிடார் ஆம்ப்ளிபயர் மட்டும் முழுதாகப் போகவில்லை. இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் வால்வுகள் தயாராகின்றன. வாங்குகிறவர்களில் பெரும் பகுதி கிடார்காரர்கள்தான்.

ரேடியோ மெக்கானிக் செய்த ஆம்ப்ளிபயர்

5 வாட் என்றால் உடனே சொல்லப்படும் பெயர் பெண்டர் சாம்ப். இதைச் செய்த லியோ பெண்டர் கிடார் வாசிக்கத் தெரியாதவர். 1938-ல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். நம் ஊரில் ரேடியோ மெக்கானிக் கடைக்கு மைக் செட் வேலையும் சேர்ந்தே வருவது போல, அவர் கடைக்கும் இசைக்காரர்கள் ஆம்ப்ளிபயர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரிப்பேர் பார்த்தவர் பிறகு தானே செய்ய ஆரம்பித்தார்.

1950களின் பிற்பகுதியில் வந்த சாம்ப் மாடலைத் திறந்தால் சிரிப்பு வரும். மூன்றே மூன்று வால்வுகள். ஒலியைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்க ஒரு 5ஒய்3. எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஒரே ஒரு திருகு. அதுவே வால்யூம், அதுவே ஆன்-ஆப் சுவிட்ச். பாஸ், ட்ரெபிள் எதுவும் கிடையாது. புதிதாகக் கிடார் கற்கிறவர்களுக்காக மலிவாகச் செய்தது.

கற்றுக்குட்டிக்கென்று செய்த இந்தப் பெட்டியைத்தான் 1970-ல் எரிக் கிளாப்டனும் டுவான் ஆல்மனும் மியாமி ஸ்டூடியோவில் 'லைலா' ஆல்பத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஸ்டூடியோவில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைத்துவிட்டால் பெட்டி பெரிதா சிறிதா என்று கேட்பவருக்குத் தெரியாது. பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில் வந்த வாக்ஸ் ஏசி4 இதற்குத் தம்பி மாதிரி. அதில் ஸ்பீக்கரை ஓட்டியது ஈஎல்84 என்ற ஒற்றை வால்வு. 4 வாட்.

நம் வீட்டு மச்சில் இருப்பதும் இதுதானா?

ஏறக்குறைய ஆமாம். 1950, 60களில் நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு வந்த மர்பி, பிலிப்ஸ், புஷ் ரேடியோக்களில் கடைசிக் கட்டமாக ஸ்பீக்கரை ஓட்டியது பெரும்பாலும் இதே போன்ற ஒற்றை வால்வுதான். ஈஎல்84 அல்லது அதன் உறவுக்காரன் ஒன்று இருக்கும். வெளியே வருவது மூன்று நான்கு வாட். லியோ பெண்டர் ரேடியோவின் பின்பாதியைத்தான் தனியே எடுத்துப் பெட்டியில் போட்டார் என்று சொன்னால் தவறில்லை. நம் நாட்டிலேயே பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அந்தப் பெயர் பொறித்த வால்வுகளை இன்றும் வெளிநாட்டுக் கிடார்காரர்கள் விசாரித்து வாங்குகிறார்கள்.

நம் பக்கத்தில் இந்த ரேடியோக்களில் ஒலித்தது பெரும்பாலும் இலங்கை வானொலி. கடல் தாண்டி வரும் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் ஒலிபரப்பு. 1984-ல் நாகர்கோவிலிலேயே வானொலி நிலையம் வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது எப்.எம். ஒலிபரப்பு. வீட்டிலிருந்த பழைய வால்வு ரேடியோக்களில் பெரும்பாலானவற்றில் எப்.எம். இல்லை. கையடக்க ட்ரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி வைத்துக்கொண்டு, வால்வு ரேடியோவைத் துணி சுற்றி மச்சில் ஏற்றிவிட்டார்கள். கோயில் கொடைக்கும் சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கரில் பாடிய வால்வு மைக் செட்டுகளும் மெல்ல மெல்ல ஆக்கர் கடைக்குப் போயின.

கட்டாயம் படிக்க வேண்டிய எச்சரிக்கை

இதைப் படித்ததும் ஒரு யோசனை வரும். "ரேடியோவின் பின்னால் கிராமபோன் மாட்ட ஒரு சாக்கெட் இருக்கிறதே, அதில் கிடாரை மாட்டினால் 5 வாட் வால்வு ஆம்ப்ளிபயர் ரெடி!" இன்டர்நெட்டில் அப்படி வாசித்துக் காட்டும் வீடியோக்களும் இருக்கின்றன. செய்யாதீர்கள்.

அந்தக் காலத்தில் நாட்டின் சில நகரங்களில் ஏ.சி. மின்சாரமும் சில இடங்களில் டி.சி. மின்சாரமும் இருந்தன. இரண்டிலும் ஓடுவதற்காகப் பல ரேடியோக்களில் மெயின் ட்ரான்ஸ்பார்மரே வைக்கவில்லை. வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராக உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் இணைந்திருக்கும். ப்ளக்கை ஒரு பக்கம் செருகினால் சட்டத்தில் நியூட்ரல். திருப்பிச் செருகினால் 230 வோல்ட். மரப்பெட்டியும் ப்ளாஸ்டிக் திருகுகளும் மூடியிருப்பதால் ரேடியோ கேட்பவருக்கு ஆபத்தில்லை. ஆனால் கிடாரின் கம்பிகள் எல்லாம் கேபிள் வழியாக அந்தச் சட்டத்தோடு இணைபவை. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால், உதாரணமாக யூஎல்84 என்று இருந்தால், அது பெரும்பாலும் இந்த வகை ரேடியோ. ஈ எழுத்தில் தொடங்கினால் ட்ரான்ஸ்பார்மர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் அதை நம்பி மாட்டாதீர்கள். ஐம்பது வருடக் கடல் காற்றில் உள்ளே எந்த இன்சுலேஷன் உதிர்ந்து கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

இன்னொன்று. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து ராம் மாற்றுவது போல இதைத் திறந்து பார்க்கக் கூடாது. வால்வு வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

ஒலியில் அப்படி என்ன?

இதைச் சொல்லிப் புரியவைப்பதை விட உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து நிறுவிக்கொள்ளுங்கள். 2000-லிருந்து வருகிற, நம்பகமான சாப்ட்வேர். பதிப்புக்குப் பதிப்பு மெனுக்களின் இடம் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைத்துவிடும்.

ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். ப்ரீக்வென்சி 110 என்று கொடுத்து, ஐந்து வினாடி நீளத்துக்கு ஓ.கே. செய்யுங்கள். கிடாரின் ஐந்தாவது கம்பியின் சுருதி இது. ப்ளே செய்தால் ஒரு வெறும் 'ஊ' ஒலி. பெரிதாக்கிப் பார்த்தால் அழகாக வளைந்து ஏறி இறங்கும் அலை. இப்போது அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். 110-ல் ஒரே ஒரு கோபுரம் நிற்கும்.

அடுத்து எபெக்ட் மெனுவில் டிஸ்டார்ஷனைத் திறந்து, வகையில் ஹார்ட் க்ளிப்பிங் தேர்ந்தெடுத்து அப்ளை செய்யுங்கள். அலையின் தலை கத்தியால் வெட்டியது போலத் தட்டையாகிவிடும். மலிவான ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரின் வால்யூமை முழுதாகத் திருகினால் நடப்பது இதுதான். ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். 330, 550, 770, 990 என்று வலது கடைசி வரை கோபுரங்கள் வரிசையாக நிற்கும். அன்டூ செய்துவிட்டு, சாப்ட் க்ளிப்பிங் போட்டுப் பாருங்கள். அலையின் தலை வெட்டுப்படாமல் உருண்டு மழுங்கும். கோபுரங்கள் வந்தாலும் வலப்பக்கம் போகப் போகச் சீக்கிரம் குட்டையாகிவிடும். மறுபடி அன்டூ செய்து, ஈவன் ஹார்மோனிக்ஸ் போடுங்கள். இப்போது 220-ல் ஒரு கோபுரம் முளைக்கும்.

110-ஐ 'ஸ' என்று வைத்துக்கொண்டால் 220 என்பது மேல் 'ஸ'. 330 அதற்கு மேலுள்ள 'ப'. 440 இன்னும் ஒரு ஸ்தாயி மேலே 'ஸ'. 550 அங்கிருந்து அந்தர காந்தாரம். இதுவரை எல்லாம் சுருதி சேர்ந்தவை. 770 எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது. அதற்கு மேலும் அப்படி நிறைய வரும். மேலே உள்ளவை கூடினால் காதைக் கீறும். கீழே உள்ள முதல் இரண்டு மூன்று கூடினால் ஒலி கனக்கும். தம்புரா ஒற்றைக் கம்பியிலேயே நிறைந்து ஒலிக்கிற மாதிரி.

வால்வு தன் எல்லையை நெருங்கும்போது அலையை வெட்டுவதில்லை, வளைக்கிறது. அதிலும் ஒற்றை வால்வு ஆம்ப்ளிபயர் அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே மாதிரி வளைப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வினால்தான் 220 பிறக்கிறது. பெரிய ஆம்ப்ளிபயர்களில் கடைசிக் கட்டத்தில் இரண்டு அல்லது நான்கு வால்வுகளை ஜோடியாக, ஒன்று தள்ள மற்றது இழுக்கும்படி வைப்பார்கள். அப்படி வைத்தால் அந்தக் கட்டத்தில் உண்டாகும் இந்த மேல் 'ஸ' ஒன்றையொன்று கழித்துக் காணாமல் போய்விடும். சுத்தமான ஒலிக்கு அது நல்லது. ஆனால் சாம்ப் போன்ற சின்னப் பெட்டியின் தனிக்குரல் அதில் இராது.

கூடவே இன்னொரு குணம். பலமாக மீட்டினால் தலை மழுங்குவதால் சத்தம் அளவுக்கு மேல் எகிறாது. மெதுவாக மீட்டினால் ஒலி சுத்தமாக வரும். விரலின் அழுத்தத்திலேயே கரகரப்பைக் கூட்டிக் குறைக்கலாம். கிடார்காரர்கள் இதற்காகத்தான் உயிரை விடுகிறார்கள். வெறும் கரகரப்பு வேண்டுமென்றால் அதற்கு எத்தனையோ மலிவு வழிகள் உண்டு.

ஏன் குறைந்த வாட்?

இந்த வளைவு வால்வை முக்கி முக்கி வேலை வாங்கினால்தான் வரும். 50 வாட் பெட்டியை அந்த அளவுக்குத் திருகினால் தெருவே எழுந்துவிடும். 5 வாட் பெட்டியில் சீக்கிரமே அந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

அதற்காக 5 வாட் என்றால் மெல்லிய சத்தம் என்று நினைக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு வாட் என்றால் பத்தில் ஒரு பங்கு சத்தம் அல்ல. 10 டெசிபல் குறைவு, காதுக்குச் சுமார் பாதி. 1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 93 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டால், 5 வாட்டில் அது 100 டெசிபல் தரும். ஓட்டு வீட்டுக்குள் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படி வாசித்தால் அடுத்த வீட்டு மாமா வந்து கதவைத் தட்டுவார். ஆகவே உண்மையான பெட்டியே கையில் இருந்தாலும், வீட்டில் அன்றாடம் பழக ஹெட்போனும் கம்ப்யூட்டரும் தேவைப்படுகின்றன.

கம்ப்யூட்டருக்குள் வால்வு

கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒரு வளைகோட்டின் வழியாக அனுப்பி வேறு எண்ணாக மாற்றினால் வால்வின் வளைவு கிடைத்துவிடும். இப்போது ஆடாசிட்டியில் நீங்கள் செய்தது அதுதான். நிஜமான வால்வுச் சுற்று இதைவிடச் சிக்கலானது. சற்று முன் என்ன வாசித்தீர்கள் என்பதைப் பொறுத்தும் அது மாறும். அதையும் கணக்கில் எடுத்து, அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996-ல் ஆம்ப்ளிபயர் வடிவிலும், 1998-ல் பாட் என்ற சிவப்பு நிறச் சிறு பெட்டி வடிவிலும் பல ஆம்ப்ளிபயர்களின் நகலை விற்றது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2002-ல் ஆம்ப்ளிட்யூப், 2004-ல் கிடார் ரிக் ஆகிய சாப்ட்வேர்கள் வந்தன.

அண்மையில் வந்த வழி வேறு. சுற்றை ஆராய்ந்து கணக்கு எழுதுவதற்குப் பதிலாக, நியூரல் நெட்வொர்க்குக்குப் பெட்டியின் ஒலியைக் கேட்க வைத்துக் கற்றுக்கொடுப்பது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் இந்த வகை. சுருக்கமாக நாம் என்கிறார்கள்! முழுக்க இலவசம். புரோகிராமும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. இதன் அடிப்படை, 2016-ல் டீப்மைண்ட் மனிதப் பேச்சை உருவாக்க வடிவமைத்த வேவ்நெட்.

மாட்டுவது எப்படி?

லேப்டாப்பின் மைக் துளையில் கிடாரைச் செருகுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஒலி மங்கி வருவதற்கு அதுவே முக்கிய காரணம். அந்தத் துளை சின்ன மைக்குக்காகச் செய்தது. கிடாரின் பிக்-அப்புக்கு அதைவிடப் பல மடங்கு அதிக இம்பீடன்ஸ், சுமார் 10 லட்சம் ஓம், வேண்டும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதில் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இசட் என்று எழுதிய துளையோ சுவிட்சோ இருக்க வேண்டும். இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். செலவு என்று செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

அடுத்த தொல்லை தாமதம். நீங்கள் மீட்டியதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையில் விண்டோஸ் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். அது 10 மில்லி வினாடிக்குள் இருந்தால் கவலையில்லை. மேடையில் ஆம்ப்ளிபயரை விட்டு மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போலத்தான். அதற்கு மேல் போனால் தாளம் தடுமாறும். இன்டர்பேஸோடு வரும் ஏசியோ டிரைவரை நிறுவிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் இருக்கிறது. செட்டிங்கில் பபர் என்பதை 128 என்று வையுங்கள். பட்பட்டென்று வெடிப்பு கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அதன் தாமதத்தில் யாராலும் வாசிக்க முடியாது. வயர் உள்ளதே நல்லது.

பிறகு நாம் சாப்ட்வேரைத் திறந்து, யாராவது எடுத்து இலவசமாகப் பகிர்ந்திருக்கும் சாம்ப் நகல் பைல் ஒன்றை ஏற்றுங்கள். மெதுவாக ஒரு கார்டு, பலமாக ஒரு கார்டு வாசியுங்கள். வித்தியாசம் தெரியும்.

அப்போதும் ஒலி தேனீ ரீங்காரம் போல இருந்தால் ஸ்பீக்கர் பெட்டியின் நகல் சேரவில்லை என்று பொருள். எட்டு அங்குலக் காகித ஸ்பீக்கர், மேல் சுருதிகளை நன்றாகவே வடிகட்டிவிடும். அந்த வடிகட்டல் கிடார் ஒலியில் பாதி. இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற தனி பைல் உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிராகாரத்தில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டியது ஒரு நொடி. அதன் பிறகு கேட்கும் முழக்கத்தில் அந்தக் கல் மண்டபத்தின் நீளம், உயரம், தூண் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த முழக்கத்தைப் பதிவு செய்தால், எந்தப் பாட்டையும் அந்தப் பிராகாரத்தில் பாடியது போலக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடலாம். ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதே கணக்குதான். மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்ப்ளிபயர் நகல் என்றால் ஸ்பீக்கரும் அதிலேயே சேர்ந்திருக்கும்; தனி பைல் வேண்டாம்.

உங்களிடமே பழைய பெட்டி இருந்தால்

வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்த வால்வு ஆம்ப்ளிபயர் சில வீடுகளில் இருக்கும். அமெரிக்கப் பெட்டி என்றால் 117 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து, காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றி, எர்த் உள்ள மூன்று பின் ப்ளக் போடச் சொல்லுங்கள். உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் இந்தப் பெட்டிகளுக்கு ஆயுள் குறைவு. ஓடும்போதே அதன் ஒலியை நகல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

செய்முறை இதுதான். நாம் தரும் சுமார் மூன்று நிமிடச் சோதனை ஒலியை இன்டர்பேஸிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ரீஆம்ப் பாக்ஸ் என்ற சிறு கருவி வேண்டும். இன்டர்பேஸின் ஒலியளவைக் கிடார் அளவுக்குக் குறைப்பது அது. ஸ்பீக்கர் முன்னால் ஒரு டைனமிக் மைக். வருவதை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் பைலாகப் பதிவு செய்யுங்கள். போன ஒலி, வந்த ஒலி இரண்டு பைல்களையும் பயிற்சிப் புரோகிராமுக்குக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது கற்றுக்கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டர் சாதாரணமானது என்றால் கூகுள் கோலாப் வழியாக பிரவுசரிலேயே இதை ஓட்டலாம். கடைசியில் கிடைப்பது ஒரு போட்டோவை விடச் சிறிய பைல்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். 5 வாட் என்றாலும் மைக் துளைக்கு அது பல நூறு மடங்கு அதிகம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஆன் செய்யவும் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். அது எரிந்தால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம்.

இந்த முறையில் ஒரு நகல் என்பது திருகுகள் ஒரு நிலையில் இருக்கும்போது வரும் ஒலி மட்டும். ஆறு திருகுகள் உள்ள புதிய ஆம்ப்ளிபயரை முழுதாக நகல் எடுக்க நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். சாம்ப் போன்ற பெட்டிக்கு இருப்பது ஒரே திருகு. 3, 6, 9, 12 என்று நான்கு நிலைகளில் எடுத்தால் போதும், ஏறக்குறைய முழுப் பெட்டியும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு பைலின் பெயரிலும் திருகின் எண்ணையும் மைக் இருந்த தூரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள்.